மரம், கல், பித்தளை, பிளாஸ்டிக்: சதுரங்கக் காய்களும் பலகைகளும் சேகரிப்போர் பேசும் இழை

வைகைக்கரையான் (சிம்மக்கல்) எழுதியது:

மதுரையில் சதுரங்கம் ஆடுபவர்களுக்குப் பஞ்சமில்லை. காய்களையும் பலகையையும் தேடி வாங்கி, கையில் உருட்டிப் பார்த்து, அவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள்தான் எளிதில் அகப்படுவதில்லை. அவர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் அலமாரியில் இருப்பவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அமிர்தசரஸில் செய்த பாக்ஸ்வுட், சீசம் மரக் காய்கள், மாக்கல் காய்கள், ஒட்டக எலும்பில் செதுக்கியவை, ஒரு பித்தளை செட், மடக்கினால் பெட்டியாகிவிடும் பழைய சோவியத் மரப் பலகை. இவற்றில் நான் எடுத்து ஆடுவது முதலாவதும் கடைசியும்தான். எவ்வளவு அழகான செட்டாக இருந்தாலும் அதை வைத்து ஒரு முழு ஆட்டம் ஆடிப் பார்ப்பேன். ஆட்டத்தின் நடுவே எதிரில் நிற்பது ராணியா மந்திரியா என்று கண் தயங்கினால், அந்த செட்டின் மீது எனக்குப் பிடிப்பு விட்டுப்போகும். பித்தளைக்கும் எலும்புக்கும் அதுதான் நேர்ந்தது.

இந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் ஸ்டாண்டன் வடிவமே வந்தது. நத்தானியேல் குக் 1849 மார்ச்சில் பதிவு செய்த வடிவத்தை, லண்டன் ஜேக்ஸ் நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹோவர்ட் ஸ்டாண்டன் அக்காலத்தில் பெயர்பெற்ற ஆட்டக்காரர். தம் பெயரைக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து 1851-இல் லண்டனில் முதல் சர்வதேசப் போட்டி நடந்தது. ஊருக்கு ஒரு வடிவத்தில் காய் இருந்தால், வெளியூர்க்காரர் வந்து அமர்ந்ததும் எது என்னவென்று கேட்க வேண்டியிருக்கும். ராஜாவுக்குச் சிலுவை, ராணிக்கு முடி, மந்திரிக்குச் சாய்ந்த பிளவு, குதிரைக்குக் கிரேக்கச் சிற்பத்தை ஒட்டிய தலை என்று ஒரே பார்வையில் பிரிந்து தெரியும்படி அமைத்ததில்தான் அந்த வடிவத்தின் பெருமை இருக்கிறது. இன்று வரை போட்டி மேசைகளில் அதுவே நிற்கிறது.

மர செட் வாங்கும்போது நான் முதலில் எடுப்பது குதிரையைத்தான். மற்ற காய்களின் உடல் கடைசல் எந்திரத்தில் (லேத்தில்) உருண்டு வந்துவிடும். குதிரைத் தலை முழுவதும் உளிவேலை. பிடரி மயிர் தனித்தனியாகப் பிரிந்திருக்கிறதா, தாடையின் கீழ் வெட்டு சுத்தமாக இருக்கிறதா, நான்கு குதிரைகளும் ஒரே முகமாக இருக்கின்றனவா என்று பார்த்தால் மற்ற காய்களின் தரமும் தெரிந்துவிடும். விலையில் பெரும் பங்கும் அங்கேதான் போகிறது.

அடுத்து ஒரு கருங்காலி செட் வாங்க நினைக்கிறேன். அசல் கருங்காலியை எப்படி அறிவது? அதற்கு ஏற்ற பலகை எது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

கடைசல்பட்டறை (கீழவாசல்) எழுதியது:

அண்ணே, என் தொழிலைத் தொட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அசல் கருங்காலி தண்ணீரில் மூழ்கும். அவ்வளவு அடர்த்தி. ஆனால் செய்து முடித்த காயைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. நல்ல காய்களின் அடியில் துளையிட்டு ஈயமோ இரும்போ வைத்திருப்பார்கள். எந்த மரமானாலும் மூழ்கிவிடும். காயைத் திருப்பி, அடியில் ஒட்டிய துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அங்கே சாயம் ஏறாத மரம் அப்படியே தெரியும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் பல சாயங்கள் பஞ்சில் ஏறும். யானைக் காயின் உச்சியில் கோட்டை மதில்போல் இருக்கும் பல்லிலும் குதிரையின் காதிலும் சின்னச் சிதறல் இருந்தால் அந்த இடத்தை உற்றுப் பாருங்கள். உள்ளே வெளிறித் தெரிந்தால் அது சாயம் ஏற்றிய மரம். சீசத்தை ஈட்டி மரம் (ரோஸ்வுட்) என்று சொல்லி விற்பதும் உண்டு. சீசத்தில் பொன்னிற வரிகள் ஓடும். ஈட்டி ஊதா கலந்த கருமை. இரண்டும் ஒரே இனத்து மரங்கள்தான், விலைதான் வேறு.

சாயம் ஏற்றியது என்பதற்காக ஒரு செட்டை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. கருங்காலி என்று பொய் சொல்லி விற்பதுதான் தவறு. நான் கறுப்புக் காய் செய்யும் முறையைச் சொல்கிறேன். கடுக்காயைத் தட்டி ஊறவைத்த நீரை மரத்தில் இரண்டு மூன்று முறை பூசிக் காயவிடுவேன். பிறகு, துருப்பிடித்த ஆணிகளைக் காடியில் போட்டு ஊறவைத்த நீரைப் பூசுவேன். பூசிய சற்று நேரத்தில் மரம் கறுக்கத் தொடங்கும். இது மேலே அமர்கிற பெயின்ட் அல்ல. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் நாருக்குள் சேர்ந்து உண்டாகும் கறுப்பு. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதும் கடுக்காயையும் இரும்பையும் கொண்டுதான். மரத்தின் வரியை மறைக்காது, நகம் பட்டால் உரியாது.

வெள்ளைக்கு வடக்கே பாக்ஸ்வுட் எடுக்கிறார்கள். நம் பக்கம் வெட்பாலை இருக்கிறது. தந்த நிறம், நெருங்கிய நார், கடைசலுக்கு வெண்ணெயாக வரும். சென்னபட்டணா பொம்மைகள் செய்யும் மரமும் இதுதான். நாள் போகப் போக வெட்பாலை மெல்ல மஞ்சளிக்கும். எனக்கு அந்த நிறம் மிகவும் பிடிக்கும்.

கருங்காலிக்கு ஒரு குணம் உண்டு. அது சரியாக உலராமல் கடைசலுக்கு வந்தால் பின்னாளில் வெடிக்கும். குறிப்பாக ராஜாவின் அடிப்பாகத்தில் நெட்டாக ஒரு கீறல் விழும். மதுரைச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தாலும், இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் வைத்துப் பகலில் அணைத்துவிட்டாலும் மரம் சுருங்கி விரிந்து தவித்துப்போகும். மூடிய பெட்டியே அதற்குப் பாதுகாப்பு.

மேலூர்க்கல் எழுதியது:

எங்கள் குடும்பம் கிரானைட் பாலிஷ் தொழிலில் இருப்பதால் பலகையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கண்ணாடிபோல் மெருகேற்றிய கறுப்புக் கிரானைட்டில் சதுரங்கப் பலகை செய்ய வேண்டாம். பார்க்க வருபவர்கள் வியப்பார்கள். ஆடுபவருக்குக் கூரை விளக்கு ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும், காயின் நிழலும் பிம்பமும் கலந்து கண் சோர்ந்துபோகும். கடைசி மெருகைக் கொடுக்காமல் மங்கலாக நிறுத்திவிட வேண்டும். அப்போது கறுப்பு சாம்பல் கலந்த கறுப்பாக இருக்கும், பளபளப்பு இருக்காது. 45 செ.மீ. சதுரமும் 2 செ.மீ. கனமும் உள்ள ஒரு பலகை ஏறத்தாழ 11 கிலோ எடை வரும். இருந்த இடத்தில் இருக்கும் மேசைக்கு மட்டுமே அது சரி.

சலவைக்கல் மென்மையானது. எலுமிச்சைச் சாறு ஒரு துளி விழுந்தாலும் அந்த இடம் அரித்து மங்கிவிடும். கல் பலகை எதுவானாலும் காயின் அடியில் கம்பளித் துணி ஒட்டியிருக்க வேண்டும். கல்லின் மேல் கல் காயை இழுத்து ஆடினால் கோடு விழும்.

மாக்கல்லைப் பற்றி வைகைக்கரையான் ஒரு வரியில் கடந்துவிட்டார். அது நகத்தாலேயே கீறக்கூடிய அளவுக்கு மென்மையான கல். ஆனால் அதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எண்ணெய் தொட்டால் கறுக்கும். வீட்டில் கல்சட்டியைப் பழக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரே கல்லில் முப்பத்திரண்டு காய்களையும் செதுக்கி, பாதிக்கு மட்டும் நல்லெண்ணெய் பூசி வைத்தால் போதும். ஒரு பக்கம் வெளிர் சாம்பல், மறுபக்கம் ஆழ்ந்த கறுப்பு. சாயமும் வேண்டாம், வேறு கல்லும் வேண்டாம். நான் பார்த்த கல் செட்களில் மிக நிறைவானது அப்படிச் செய்த ஒன்றுதான்.

தல்லாகுளம் டீச்சர் எழுதியது:

அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்றுத்தருகிறேன். கருங்காலி, சலவைக்கல் பற்றிய பேச்சுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் சார்பிலும் யாராவது பேச வேண்டும்.

2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்த பிறகு பிள்ளைகளிடம் வந்த ஆர்வத்துக்கு ஈடுகொடுத்தவை பிளாஸ்டிக் காய்களும் சுருட்டக்கூடிய வினைல் பலகைகளும்தான். தரையில் விழுந்தால் உடையாது, மழையில் நனைந்தால் உப்பாது, பையில் அடங்கும். வினைல் பலகையில் பச்சையும் வெளிர் மஞ்சளும் ஏன் வைக்கிறார்கள் என்று ஒருநாள் ஆடிப் பார்த்தால் புரியும். கறுப்புக் காய் கறுப்புக் கட்டத்தில் கரைந்துபோகாது, வெள்ளைக் காய் வெள்ளைக் கட்டத்தில் மறைந்துபோகாது. நல்ல பலகையில் கட்டத்தின் நிறமும் காயின் நிறமும் ஒன்றாக இருக்கவே கூடாது. கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளக்கும் பலகைகளைச் சேகரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே பரிந்துரைக்கும் அளவுகளையும் எழுதிவிடுகிறேன், பலருக்குப் பயன்படும். ராஜாவின் உயரம் 9.5 செ.மீ., ராணி 8.5, மந்திரி 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. அடிப்பாகத்தின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 செ.மீ. நல்ல காய்கள் தவறான பலகையில் நெரிசலாக நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். செட்டையும் பலகையையும் சேர்த்தே வாங்குங்கள், அல்லது ஸ்கேலோடு போங்கள்.

உங்கள் சேகரிப்பில் ஒன்றை அவசியம் சேர்க்கச் சொல்வேன்: பார்வையற்றவர்கள் ஆடும் பலகை. அதில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் துளை இருக்கும்; காயின் அடியில் உள்ள முளை அதில் பொருந்தும். கறுப்புக் காய்களின் உச்சியில் தொட்டால் தெரியும்படி ஒரு குமிழோ முள்ளோ இருக்கும். விரல்கள் பலகை முழுவதும் ஓடினாலும் ஒரு காயும் சாயாது. என் மாணவி ஒருத்தி அந்தப் பலகையில் ஆடுவதை அருகிலிருந்து பார்த்த பிறகு, காயின் வடிவம் கைக்குத் தெரிய வேண்டும் என்பதில் நான் மிகவும் கண்டிப்பாகிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் ராணி ராணியாகத் தெரிய வேண்டும்.

வைகைக்கரையான் எழுதியது:

டீச்சர், நான் கண்ணுக்கு வைத்த சோதனையை நீங்கள் கைக்கும் வைத்துவிட்டீர்கள். என் பித்தளை செட்டைக் கண்மூடித் தொட்டுப் பார்த்தேன். மந்திரியையும் ராணியையும் பிரித்தறிய முடியவில்லை. மாக்கல் செட்டில் யானைகள் மட்டும் உடனே தெரிந்தன.

மேலூர்க்கல், எண்ணெய் பூசும் முறைக்கு மிக்க நன்றி. என்னிடம் உள்ள மாக்கல் காய்களில் ஒரு பக்கத்துக்கு அரக்கு நிறப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு எண்ணெய் ஏற்றப் போகிறேன்.

செட்டிநாட்டுப் பழமை (காரைக்குடி) எழுதியது:

மதுரையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் தேடுபவர்களில் சதுரங்கக் காய் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலாவது, தந்தம். யாராவது தந்தக் காய் என்று காட்டினால் கையில் வாங்கிப் பாராட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தந்த வாணிபத்தை முற்றாகத் தடை செய்திருக்கின்றன. பழையது, பாட்டனார் காலத்தது என்பதெல்லாம் விற்பனைக்கு விலக்கு ஆகாது. யானையைக் கொன்று செய்த காயில் யானையைச் செதுக்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பையும் தந்தத்தையும் பிரித்தறிவது கடினமல்ல. எலும்பில் கறுத்த சிறு புள்ளிகளும் கோடுகளும் இருக்கும், அவை இரத்தக்குழாய் ஓடிய தடம். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் வலைபோல ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும்.

ரசிப்பதற்கு அருங்காட்சியகங்களும் படத்தொகுப்புகளும் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வங்காளத்து முர்ஷிதாபாத், பெர்ஹாம்பூர் பக்கம் செதுக்கிய செட்களைப் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனிப் படை, மறுபக்கம் நம் நாட்டு மன்னர் படை. அம்பாரி வைத்த யானை மேல் ராஜா. அவற்றை வாங்கிய வெள்ளைக்காரர்கள் ஆடுவதற்கு வாங்கவில்லை. கப்பலில் ஊருக்கு எடுத்துச்சென்று கண்ணாடிக்குள் வைக்கத்தான் வாங்கினார்கள். உருவச் செட்களின் அழகையும் குறையையும் ஒருங்கே காட்டுபவை அவை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-இல் கிடைத்த காய்கள் இன்னொரு வகை. 12-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் வால்ரஸ் என்னும் கடல் விலங்கின் தந்தத்தில் செதுக்கியவை. பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தொகுதியைச் சேர்ந்த ஒரு காயை ஒரு குடும்பம் 1964-இல் ஐந்து பவுண்டுக்கு வாங்கி வீட்டில் வைத்திருந்தது. 2019-இல் அது 7,35,000 பவுண்டுக்கு ஏலம் போனது. உருவம் இருந்தும் அந்தக் காய்கள் கட்டைகுட்டையாக, கைக்குள் அடங்கும்படி இருப்பதைக் கவனியுங்கள். நீட்டிக்கொண்டு நிற்கும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. எண்ணூறு ஆண்டுகள் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, வயது. "நூறு வருடப் பழசு" என்று சொல்லப்படும் செட்டில் அடிப்பாகத்தைப் பாருங்கள். உண்மையில் ஆடிய காயின் அடி விளிம்பு உருண்டு தேய்ந்திருக்கும். சிப்பாய்களில் தேய்மானம் ஒரே அளவில் இராது. நடுவில் நிற்கும் சிப்பாய்கள்தான் அதிகம் நகரும். ஈயம் வைத்த பழைய காய்களில் ஈயம் வெளுத்துப் பூரித்து அடிமரத்தைப் பிளந்திருக்கும். எட்டுச் சிப்பாய்களும் ஒரே பழுப்பில், ஒரே மினுமினுப்பில் இருந்தால் சந்தேகப்படுங்கள். என் உறவினர் ஒருவர் ஒரு கடையில் தேநீர்ச் சாயம் ஏற்றிய புதிய செட்டைப் பழைய விலைக்கு வாங்கி மனம் நொந்தார்.

மூன்றாவது, என் பெருமை. என் வீட்டு முற்றத்து மேசையில் பலகை ஆத்தங்குடிக் கல்லில் ஆனது. எட்டு அங்குலக் கல் நான்கு. ஒவ்வொரு கல்லிலும் பதினாறு கட்டங்கள். ஒரு கட்டம் இரண்டு அங்குலம், அதாவது 5.08 செ.மீ.; டீச்சர் எழுதிய அளவுக்குள் சரியாக வருகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டு ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, உலர்ந்தபின் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகம்தான் மேல்முகமாகிறது. சூளை கிடையாது, மெஷின் பாலிஷ் கிடையாது. கறுப்புக்குப் பதிலாகக் காவிச் சிவப்பும் வெளிர் மஞ்சளும் கேட்டுச் செய்தேன். கை படப்பட மெருகு ஏறிக்கொண்டே போகிறது. வெயில் நேரத்தில் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாலே குளிர்ச்சி.

கறுப்புக்காய் எழுதியது:

ஆத்தங்குடிக் கல்லின் படத்தைப் போடுங்கள் ஐயா!

நான் வடிவமைப்பு படிக்கும் மாணவன். உருவச் செட், ஸ்டாண்டன் என்று இரண்டே வழிகள்தான் உள்ளன என்பதுபோல் பேச்சு போகிறது. ஜெர்மனியில் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் ஜோசப் ஹார்ட்விக் 1923–24-இல் செய்த செட்டைப் பாருங்கள். காய் எப்படி நகருமோ அதுவே அதன் வடிவம். மந்திரி சாய்வாக நகரும், எனவே பெருக்கல் குறி; யானை நேராக நகரும், எனவே வெறும் கனசதுரம்; ராணிக்கு எல்லாத் திசையும் உண்டு என்பதால் கனசதுரத்தின் மேல் ஓர் உருண்டை. விதியே தெரியாதவர்கூடக் காயைப் பார்த்து நகர்வைக் கற்றுக்கொள்ளலாம்.

அந்தத் துணிவில் கேட்கிறேன். மதுரைக்கென்று ஒரு செட் ஏன் இருக்கக் கூடாது? மீனாட்சி ராணி, சொக்கநாதர் ராஜா, மூலையில் கோபுரம், அழகர் ஆற்றில் இறங்கும் குதிரை வாகனம், புது மண்டபத்து யாளி. வரைந்து பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

செட்டிநாட்டுப் பழமை எழுதியது:

தம்பி, உன் ஆர்வத்தை மெச்சுகிறேன். ஆனால் சுவாமியையும் அம்மனையும் பலகையில் வைக்காதே. ஆட்டத்தில் ராணி வெட்டுப்படும், ராஜா முடக்கப்படுவார், வெட்டிய காயைப் பலகைக்கு வெளியே தள்ளி வைப்பார்கள். மதுரையில் எந்த வீட்டிலும் அந்த செட் பெட்டியை விட்டு வெளியே வராது. மன்னார்குடி அருகே பூவனூரில் சிவபெருமானே இளவரசியோடு சதுரங்கம் ஆடி வென்றதாகத் தலபுராணம். அங்கே அவர் சதுரங்க வல்லபநாதர். ஆடுகிறவராக அவரை வணங்கலாம். காயாக வைப்பது வேறு.

தல்லாகுளம் டீச்சர் எழுதியது:

ஐயா சொல்வது எனக்கும் சரியாகப் படுகிறது. நாயக்கர் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமே. ராஜாவுக்குத் திருமலை நாயக்கர், ராணிக்கு மங்கம்மாள்.

மேலூர்க்கல் எழுதியது:

திருமலை நாயக்கர் ஆட்சி 1623 முதல் 1659 வரை. மங்கம்மாள் ஆண்டது 1689 முதல் 1706 வரை. ஒரே பக்கத்தில் எப்படி நிறுத்துவது?

தல்லாகுளம் டீச்சர் எழுதியது:

கணவன் மனைவியாக நிறுத்த வேண்டாம். பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்று நாட்டை நடத்தியவர் மங்கம்மாள். அவர் பெயரால் சாலைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. பலகையில் எல்லாத் திசையிலும் நெடுந்தூரம் செல்லும் காய் ராணிதான். அந்த இடத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் எனக்குத் தோன்றவில்லை. அவருடைய அரண்மனையில்தான் இன்று காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது இதையும் சொல்லலாம்.

வைகைக்கரையான் எழுதியது:

பெயர்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் முகம் வேண்டாம், மூக்கு மீசை வேண்டாம். 9.5 செ.மீ. காயில் நாயக்கரின் முகத்தைச் செதுக்கினால் எட்டடி தள்ளி அமர்ந்திருப்பவருக்கு அது வெறும் முடிச்சாகத்தான் தெரியும். ஸ்டாண்டன் வடிவம் எதிலிருந்து வந்தது என்று பாருங்கள்; பாதி கட்டடக்கலை. அடிப்பீடம், தண்டு, வளையம், தலை. நமக்குத் தூண்களுக்கா குறை? 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைப் பாருங்கள். உருண்டு திரண்ட அந்தத் தூணைச் சுருக்கினால் சிப்பாய் வந்துவிடும். எட்டுச் சிப்பாய்களும் வரிசையாக நிற்கும்போது மகாலின் ஒரு பக்கமே எழுந்து நிற்கும்.

கறுப்புக்காய் எழுதியது:

இது நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் மூலையில் கோபுரம்?

கடைசல்பட்டறை எழுதியது:

கோபுரம் கடைசலில் வராது தம்பி. கோபுரத்தின் அடி நீள்சதுரம். கடைசலில் வருவதெல்லாம் உருண்டை. முழுவதும் உளியில் செதுக்கலாம். ஆனால் நிலை நிலையாகச் சுதை வேலைப்பாடு வேண்டும் என்பாய், அதை 5.5 செ.மீ. உயரத்தில் செதுக்கினால் கை பட்டுப் பட்டு ஓராண்டில் மழுங்கிவிடும். யாளியையும் விட்டுவிடு. துதிக்கை நீண்டு வளைந்திருக்கும். அந்த இடத்தில் மரத்தின் நார் குறுக்கே ஓடும். நார் குறுக்கே ஓடும் மெல்லிய உறுப்பு எதுவும் கீழே விழுந்தால் முறியும். இந்த இழையில் சொன்ன லூயிஸ் காய்களை நினைத்துக்கொள்.

மூலையில் நிற்பது நம் ஊரில் யானைதானே. ஒத்தக்கடை பக்கம் போகும்போது யானைமலையைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கால் மடக்கிப் படுத்த யானை. தூக்கிய துதிக்கை கிடையாது, விரித்த காது கிடையாது, ஒரே திரட்சி. முதலில் கட்டையை உருண்டையாகக் கடைந்து, இரு பக்கமும் தட்டையாகச் சீவி, நெற்றிச் சரிவையும் முதுகையும் உளியால் எடுத்தால் போதும். முறிய இடமே இல்லை. டீச்சர் சொன்னபடி கண்ணை மூடித் தொட்டாலும் வேறு எந்தக் காயோடும் குழம்பாது.

மந்திரிக்கு ஒரு தலைப்பாகை வடிவம் கடைந்து, பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெட்டுக் கொடுக்கலாம். ராணிக்குத் தலையில் சரிந்த கொண்டை, ராஜாவுக்கு நிமிர்ந்த முடி. கொண்டை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் கையால் தடவினாலே பிரிந்து தெரியும். குதிரைக்கு அழகர் வாகனத்தின் கழுத்து வளைவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காதுகளைத் தலையோடு ஒட்டிச் செதுக்குவேன்.

மரம் வெட்பாலை. ஒரு பக்கம் அப்படியே, மறுபக்கம் கடுக்காய்க் கறுப்பு. ஈயம் வேண்டாம், அடியில் இரும்பு வில்லை வைப்பேன்; பின்னாளில் பூரித்துப் பிளக்காது. மேலே தேன்மெழுகு மட்டும். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுக்கேறும்.

செட்டிநாட்டுப் பழமை எழுதியது:

பலகை என் பொறுப்பு. இன்னொரு நான்கு ஆத்தங்குடிக் கல்லுக்குச் சொல்லிவிடுகிறேன். காவியும் மஞ்சளுமாக இருந்தால் வெட்பாலையும் கறுப்பும் இரண்டுமே எடுப்பாகத் தெரியும்.

மேலூர்க்கல் எழுதியது:

நான்கு கல்லையும் பதிக்கும்போது இணைப்பில் இடைவெளி விடாதீர்கள் ஐயா. மெல்லிய இடைவெளி இருந்தாலும் நடுக்கோட்டுக் கட்டங்கள் மற்றவற்றைவிட அகலமாகத் தெரியும். அடியில் கிரானைட் பலகை ஒன்று நான் தருகிறேன், சமதளமாக அமரும். பதிக்கும் முன் எந்தக் கல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆடுபவரின் வலது கைப்பக்க மூலையில் வெளிர் கட்டம் வர வேண்டும்.

வைகைக்கரையான் எழுதியது:

கருங்காலி செட்டுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்கே தருகிறேன். கடைசல் கூலியையும் மரத்தின் விலையையும் தனிச் செய்தியில் அனுப்புங்கள் அண்ணே.

கடைசல்பட்டறை எழுதியது:

கட்டை உலர்ந்துதான் இருக்கிறது. முதலில் சிப்பாய் ஒன்றும் யானை ஒன்றும் மட்டும் செய்கிறேன். ராஜா 9.5, அடிவிட்டம் 4 செ.மீ. என்று வைத்து மற்றவற்றை அதற்கு ஏற்றபடி இறக்கிக்கொள்ளலாம், 5.08 கட்டத்தில் இரு பக்கமும் விரல் நுழைய இடம் இருக்கும். தம்பி, யானைமலையை நேர் முன்னாலும் பக்கவாட்டிலும் வரைந்து அளவு குறித்து அனுப்பு. டீச்சர், அந்த மாணவியிடம் இரண்டு காய்களையும் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிப்பாயின் கழுத்து எவ்வளவு மெல்லியதாக இருக்கலாம் என்பதை அவள் சொன்ன பிறகுதான் மீதி முப்பதையும் கடைசலில் ஏற்றுவேன்.